காதால் கேட்டது இருநூறு

அட்டை ஏறிவிட்டது. இடது கணுக்காலுக்கு மேலே ஒரு குளிர்ந்த நூல் நகர்ந்து நகர்ந்து வந்து இப்போது நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்றால் இடம் பிடித்துவிட்டது என்று பொருள், கூட்ட நேரத்து டவுன் பஸ்ஸில் சீட்டுப் பிடித்தவன் இனி எழுந்திருக்கமாட்டான், உள்ள போ உள்ள போ, படியில நிக்காத, என்று கண்டக்டர் குரல் இசக்கியின் தொண்டைக்குள் தானாக எழுந்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். குனிந்து பிய்க்க முடியாது. குனிந்தால் சுற்றியிருக்கிற சம்புக் கோரை அசையும், சம்பு அசைந்தால் முப்பது அடி தள்ளி மிதக்கிற நீலச்சிறகி வாத்துக் கூட்டம், ஊர்ப் பேச்சில் தாரா, அசையும், ஒன்று எழுந்தால் எல்லாம் எழும், எழுந்தால் இன்றைய எண்ணிக்கை போச்சு, எண்ணிக்கை போனால் நத்தம்பேரிக் குளத்தின் மேற்குப் பாதி போச்சு. ஆகவே குடிக்கட்டும். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிமேல், முழங்கால் வரை தண்ணீரில், சம்புப் புதருக்குள் அவள் விடியலிலிருந்து யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள், இப்போது காலை வெயில் கரைப் பனைகளின் இடுப்புக்கு இறங்கிவிட்டது, வலது பக்கப் பையில் சீப்பு தொடையைக் குத்திக்கொண்டிருக்கிறது. எதற்கு எடுத்து வந்தாள்? தலை வார. குளத்துக்குள் உட்கார்ந்து யாருக்குத் தலை வார? நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது பதில் சொல்லும் நிலையில் இல்லை, சிறிது நேரம் கழித்து முயலவும்.

முயலலாம். ஒரு வருஷமாக முயன்றுகொண்டுதான் இருக்கிறாள். அருமைநாயகம் மாமாவிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியைத் தலைமையாசிரியை குரலில் சொல்லிப் பார்த்தாள், ரேஷன் கடைக்காரர் குரலில் சொல்லிப் பார்த்தாள், ரயில் நிலையத்து அம்மா குரலில், அன்பான பயணிகளின் கவனத்திற்கு, போன வருஷம் மூடுபனியில் தாங்கள் கேட்ட இருபது குரல்களும், என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லி, தானே சிரித்து, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. பஜாரில் மைக்செட் கடை வைத்திருக்கிறார், கல்யாணம் காதுகுத்து கோயில் கொடை எதுவானாலும் அவர் ஒலிபெருக்கிக் குழாய்தான் கட்டுவார்கள், அவர் ஆட்டோவில் ஊர் சுற்றி விளம்பரம் சொல்கிற ஆம்பிளைக் குரல், பொம்பிளைக் குரல், கிழவர் குரல் மூன்றும் இசக்கிதான், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒற்றை இசக்கி. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, பயத்தில் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார். "கண்ணு போனா என்ன பிள்ளே, காது இருக்குல்லா. குழாய்க்குள்ள கரப்பான் பூச்சி நடந்தா எனக்குத் தெரியும்." அந்தக் காதை வைத்துக்கொண்டு இருபது வருஷமாகத் தை கடைசியில் குளத்துப் பறவைகளை எண்ணுகிறார். கண்ணுக்குத் தெரிவதை உடன் வருகிறவர்கள் எண்ண வேண்டும், சம்புக்குள் மறைந்திருப்பதை அவர் காதால் எண்ணுவார். குரல் ஒன்றுக்குப் பத்து. அது அவர் கணக்கு. ஊர் திரும்புகிற நினைப்பு வந்தால்தான் ஆண் நீலச்சிறகி கத்தும், பத்துக்கு ஒன்றுதான் கத்தும், அதனால் ஒரு கத்தல் கேட்டால் பத்து எழுதலாம் என்பார். எப்படிக் கத்தும் மாமா? அவள்தான் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். "சீப்புப் பல்லுல நகத்த ஓட்டுனா எப்படி இருக்கும், அப்படி." அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து வந்த உவமை, அவள் பையிலிருந்த சீப்பு. போன வருஷம் இதே சம்பு, இதே வாளி, மூக்குக்கு முன்னால் கை தெரியாத மூடுபனி, பறவையைப் பக்கத்தில் பார்க்க யாருக்கும் தெரியாமல் ஒளிந்தவள், இசக்கி எவ்வளவு நேரம் சும்மா இருப்பாள்? க்ர்ர்ர்ர்க். கரையில் மாமா, "ஒண்ணு." நாலு எட்டு நகர்ந்து, க்ர்ர்ர்ர்க். "ரெண்டு." வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீருக்குள் மூச்சுவிட்டு, சிரிப்பு மூக்கு வழியாகக் குமிழி குமிழியாக வந்தது. "மூணு." இருபதுவரை போனாள். அதற்குள் கை மரத்துவிட்டது, இல்லையென்றால் நூறும் போயிருப்பாள்.

வெளியே வந்து சொல்வதாகத்தான் இருந்தாள். சத்தியமாக. கரையேறி, மாமா, உங்க இருபது தாராவும் இந்தா இருக்கு என்று பச்சைச் சீப்பை நீட்டுவதாக. ஆனால் கரையில் மாமா அழுதுகொண்டிருந்தார். மூக்கு ஒழுக, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, போனில் யாரிடமோ, "காதால கேட்டது மட்டும் இருநூறு வே, பனி விலகி கண்ணால கண்டது அறுபத்தொண்ணு, மொத்தம் இருநூத்தி அறுபத்தொண்ணு, என் ஆயுசுல கேட்டதில்ல" என்று. அப்புறம் பேப்பரில் வந்தது, காதால் பறவை எண்ணும் மைக்செட்காரர் என்று படத்தோடு, டீக்கடையில் வெட்டி ஒட்டினார்கள், டீ ஆற்றும்போது தெறித்துத் தெறித்து அவர் முகம் பழுப்பேறியது. அந்தப் பேட்டியில் அவர் சொல்லியிருந்த ஒரு வரி இசக்கியின் தூக்கத்துக்குள் அட்டை மாதிரி ஏறிக்கொண்டது: "நடுவுல ஒரு சின்ன விக்கல் போடும் பாருங்க, அந்த விக்கலை வச்சுத்தான் நீலச்சிறகின்னு நான் பிடிப்பேன்." விக்கல். சீப்பில் நாலாவது பல் ஒடிந்திருக்கிறது. நகம் அந்த இடத்தில் தட்டிவிட்டுப் போகும். க்ர்ர், க், ர்ர்க். அவ்வளவுதான் விக்கல். உலகத்தில் எந்த நீலச்சிறகியும் விக்காது, சைபீரியாவிலிருந்து மலை தாண்டி வருகிற பறவைக்கு விக்கல் வந்தால் நடுவழியில் அதன் கதி என்ன, ஆனால் நத்தம்பேரியில் ஒரு வருஷமாக எல்லாரும் விக்கலோடுதான் அதைப் பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்பட. அந்தப் பிள்ளைகளுக்கு விக்கலோடு கத்தக் கற்றுக்கொடுத்ததும் இசக்கிதான். நினைத்தால் இப்போதும் விலாவில் சிரிப்பு குறுகுறுக்கிறது. நினைக்கக் கூடாது. சிரித்தால் சம்பு ஆடும்.

"அண்ணாச்சி, தாராவெல்லாம் லீவு போட்டுட்டா?" தண்ணீர்மேல் குரல் நன்றாக நடந்து வரும். இது தவசிக்கனி, லாரி வைத்திருப்பவர், குளத்தின் மேற்குப் பாதியில் மண் அடித்து லாரி ஷெட் போட மனுக் கொடுத்திருப்பவர். "போன வருசம் கல்யாண வீடு மாதிரி கூட்டம்னு பேப்பர்ல போட்டான். இப்ப பந்தியில ஆளக் காணோம்." மாமா, "பேசாம இரும்வே, தாராவுக்குக் காது உண்டு." மூன்றாவது குரல் வருவாய் ஆய்வாளர் விசாலாட்சி அம்மாவுடையது, வெளியூர்க்காரர், பைனாகுலரைக் கீழே இறக்காமலேயே பேசுகிறார், "எழுபத்தி ரெண்டு, எழுபத்தி மூணு, அல்லிப் பக்கம் ஒண்ணு. எழுபத்தி நாலு சார். மூணு தடவை பாத்துட்டேன்." நல்லவர்தான். வந்ததும் சட்டத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார், போன வருஷ எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே போயிருந்தால் மேற்குப் பக்கத்தில் பறவை தங்குவதில்லை என்று எழுத வேண்டிவரும், எழுதினால் மண் அடிக்க அனுமதி கிடைக்கும், அறிக்கை இன்று மதியம் போகிறது. இருநூற்று அறுபத்தொன்றில் பாதி நூற்று முப்பது. எழுபத்து நாலு எங்கே, நூற்று முப்பது எங்கே. மேற்குப் பக்கம் என்றால் இந்தச் சம்பு, இந்த அல்லி, இந்த வாளி வைத்திருக்கிற இடம். அவளுக்கு முன்னால் அதுகள் ஒன்றும் தெரியாமல் மிதக்கின்றன. ராத்திரி முழுக்க வயலில் மேய்ந்த களைப்பு, பாதி முதுகுக்குள் அலகைச் செருகித் தூங்குகின்றன, நாலைந்து மட்டும் தண்ணீர்த் தோலை அலகால் சீவிச் சீவி எதையோ வடிகட்டுகின்றன, ஆண்களுக்குக் கண்மேல் வெள்ளைப் புருவம் தெளிய ஆரம்பித்திருக்கிறது, யாரோ சுண்ணாம்பு தொட்டு இழுத்துவிட்ட மாதிரி. புருவம் வெளுத்தால் கிளம்பப் போகின்றன என்று அர்த்தம். அடுத்த ஐப்பசியில் திரும்பி வந்து மேலே வட்டமடித்துப் பார்க்கும், கீழே லாரி நிற்கும். அவள் செய்தது. சிவப்பு மண்ணும் டயரும் டீசல் தேங்கிய பள்ளமும், எல்லாம் ஒரு சீப்பு செய்தது.

"அப்போ எழுபத்தி நாலுன்னு எழுதிடட்டுமா சார்?" விசாலாட்சி அம்மாவின் பேனா மூடி திறக்கிற சத்தம்கூட இங்கே கேட்கிறது. இல்லை, கேட்பதாக நினைக்கிறாள். மாமா கையை உயர்த்தினார். அப்புறம், கோயில் கொடையில் சாமியாடியை எழுப்புகிற மெல்லிய குரலில், "பொறுங்கம்மா. இது கண்ணால கண்டது. காதால இன்னும் கேக்கல. போன வருசம் ரெண்டையும் சேத்துத்தான் எழுதுனது, இந்த வருசமும் அப்படித்தான் எழுதணும்." "சரி சார். அதே முறைதான். பத்து நிமிஷம் தரேன்." "வே தவசி, மூச்ச உள்ள வையும்." அப்புறம் ஒன்றுமில்லை. கரையில் மூன்று உருவங்கள், நடுவில் மாமா, வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து இந்தச் சம்பைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறார். பார்த்து அல்ல, கேட்டு. நேராக இசக்கியைக் கேட்டு. குழாய்க்குள் நடக்கிற கரப்பான் பூச்சி இப்போது அவள்தான். அவளுடைய நெஞ்சு அடிப்பதை எண்ணிக்கொண்டிருப்பாரோ, ஒண்ணு, ரெண்டு, மூணு, குரல் ஒன்றுக்குப் பத்து. அவள் கை பைக்குள் போயிருக்கிறது. எப்போது போனது? பச்சைச் சீப்பின் பற்கள் விரல்நுனியில் வரிசையாக, ஒண்ணு ரெண்டு மூணு, நாலாவது இல்லாத இடம், அஞ்சு. இழு. ஆறு இழுப்புப் போதும், ஆறு பத்து அறுபது, எழுபத்து நாலும் அறுபதும் நூற்று முப்பத்து நாலு, குளம் பிழைத்தது, மாமா பிழைத்தார், யாருக்கு என்ன நட்டம், தவசிக்கனிக்கு ஒரு ஷெட், அவருக்கு வேறு இடமா இல்லை. கேட்கிறதற்குக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், கேட்பதைத் தருவதில் என்ன தப்பு, ஊர் முழுக்க அவளிடம் அதைத்தானே கேட்கிறது, ஏட்டி ஹெச்செம் டீச்சர் மாதிரி பேசிக் காட்டு, கண்டக்டர் மாதிரி பேசிக் காட்டு, இப்போது தாரா மாதிரி. ஆறு இழுப்பு. நகம் முதல் பல்லில் உட்கார்ந்தது. அட்டை ஒரு இழுப்பு இழுத்தது. அப்புறம்? அடுத்த தையில் நூற்று முப்பத்து நாலில் பாதி. அதற்கடுத்த தையில் அதில் பாதி. ஒவ்வொரு வருஷமும் இந்த வாளி, இந்தத் தண்ணீர், கல்யாணமாகிப் போனாலும் பஸ் ஏறி வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் விட்டுவிட்டு வந்து, சம்புக்குள் குந்தி உட்கார்ந்து, பல் போன பிறகு அவளும் சீப்பும் மட்டும். ஒரு வருஷம் ஒரு நீலச்சிறகிகூட வராமல் போகும். அன்றைக்கும் கரையில் எழுதுவார்கள், கண்ணால் கண்டது ஒன்றுமில்லை, காதால் கேட்டது இருநூறு. யாரும் அழமாட்டார்கள். அழுவதற்கு என்ன இருக்கிறது, இருநூறு இருக்கிறதே.

அப்போதுதான் அது கத்தியது. அல்லி இலைக்குப் பக்கத்தில், புருவம் வெளுத்த ஒன்று, தலையைப் பின்னால் சாய்த்து முதுகில் போட்டு, தொண்டையை மேலே காட்டி, காய்ந்த வாகை நெற்றை யாரோ குலுக்கிய மாதிரி, க்ர்ர்ர்ர்ர்ர்க். இசக்கி முதல் தடவையாகக் கேட்கிறாள். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் நடித்துக் காட்டியவள் அசலை இப்போதுதான் கேட்கிறாள், அது அவளுடையதைவிடச் சின்னதாக இருந்தது, கூச்சமாக, யாரும் கேட்க வேண்டும் என்று கத்தாத மாதிரி. எழுதுங்க மாமா. குரல் ஒன்று, பத்து, எழுதுங்க. கரையில் விசாலாட்சி அம்மா, "ஏதோ கேட்டுச்சே சார். அதுவா?" மாமாவின் கை காதுக்குப் பின்னால் இன்னும் குவிந்தது. கழுத்து நீண்டது. "இல்லம்மா," என்றார். "அது நீலச்சிறகி இல்ல. வேற என்னமோ. விக்கல் இல்ல பாத்தியளா."

விக்கல் இல்ல. அவள் அதை ஒரு தடவை அவர் குரலிலேயே உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். விக்கல் இல்ல பாத்தியளா. குழாய்க்குள் கரப்பான் பூச்சியைக் கேட்கிற காது. இருபது வருஷத்துக் காது. அந்தக் காதுக்குள் அவள் ஒடிந்த பல்லைச் செருகிவிட்டிருக்கிறாள், இனி சைபீரியாவிலிருந்து ஆயிரம் வந்து கத்தினாலும் அதற்குள் போகாது, வாசலில் அவள் சீப்பு நிற்கிறது, விக்கல் இருந்தா உள்ள போ, இல்லாட்டி இறங்கிக்கோ. சிரிப்பு வரும் என்று பார்த்தாள். வரவில்லை. வேறு ஏதோ வந்தது, மூக்கில் ஏறி எரிந்தது. அறுபத்தொன்று, எழுபத்து நாலு. இரண்டு எண்களும் வெகுநேரமாகத் தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன, இப்போதுதான் திரும்பி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. போன வருஷம் கண்ணால் கண்டது அறுபத்தொன்று. இந்த வருஷம் எழுபத்து நாலு. குறையவில்லை. கூடியிருக்கிறது. பதிமூன்று கூடுதலாக வந்து கண் முன்னால் தூங்கிக்கொண்டிருக்கிறது, நடுவில் அவளுடைய இருநூறு மட்டும் குறுக்கே படுத்திருக்கிறது. அதை எடுத்தால் குளம் நிற்கும். அதை எடுத்தால் மாமாவின் காதும் சேர்ந்து வரும், டீக்கடைச் சுவரோடு பிய்ந்து வரும். எடுக்காவிட்டால் இரண்டும் போகும். "நாலு நிமிஷம் இருக்கு சார்." எந்தக் குரலில் சொல்வது? ரயில் நிலையத்து அம்மா வரவில்லை. தலைமையாசிரியை வரவில்லை. கண்டக்டர் எங்கேயோ இறங்கிப் போய்விட்டார். தொண்டைக்குள் தேடத் தேட யாருமே இல்லை, திருவிழா முடிந்து குழாய் அவிழ்த்த பந்தல் மாதிரி. கால்கள் அவளைக் கேட்காமல் நிமிர்ந்தன.

வாளி புரண்டது, சம்பு பிளந்தது, எழுபத்து நாலும் ஒரே வீச்சில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராக மேலே போயின, இறக்கைத் தோள்களில் அந்தச் சாம்பல் நீலம் வெயிலில் பளிச்சிட்டு மறைந்தது. "ஏய், யாரு அது, எல்லாத்தையும் கலைச்சுப்போட்டா" என்று தவசிக்கனி. மாமா கண்ணைச் சுருக்கினார், அவருக்கு ஒரு நிழல் எழுந்து நிற்பது மட்டும்தான் தெரியும். இசக்கி இடுப்பளவு சம்புக்கு வெளியே வந்து, எல்லாருக்கும் தெரியும்படி சீப்பை முகத்துக்கு நேரே பிடித்து, நகத்தை ஓட்டினாள். க்ர்ர், க், ர்ர்க். குவிந்த கை காதிலேயே நின்றது. "போன வருசம் இருபதும் நாந்தான் மாமா," என்றாள். "பனிக்குள்ள. வெளாட்டுக்கு." மாமா அந்தக் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். "இசக்கியா? யாரு குரல்ல பேசுத?" "என் குரல்லதான் மாமா." தவசிக்கனி சிரித்தார், தொடையைத் தட்டி, "அண்ணாச்சி, காதுல சீப்ப வச்சிக் குடைஞ்சுட்டா பாத்தியரா, பேப்பர்ல போடச் சொல்லும்" என்று. யாரும் கூடச் சிரிக்கவில்லை. மாமா கையை இறக்கினார். வேட்டியில் துடைத்தார், ஈரமே இல்லாத கையை. "அம்மா," என்றார், "போன வருசக் கணக்குல ஒரு திருத்தம். காதால கேட்டத அடிச்சிருங்க." "முழுசாவா சார்?" "முழுசா." பேனா நகர்ந்தது. "அப்போ போன வருஷம் அறுபத்தொண்ணு. இந்த வருஷம் எழுபத்தி நாலு. கூடித்தான் இருக்கு." தவசிக்கனியின் சிரிப்பு அங்கேயே நின்றது. "நீங்க எழுத்துல தரணும் சார். இந்தப் பொண்ணும்." "தாரேன்." "இப்ப ஒரு குரல் கேட்டுச்சே, அதை?" மாமா தலையை ஆட்டினார். "காது கணக்கு வேண்டாம்மா. கண்ணால கண்டத மட்டும் எழுதுங்க. இனிமே அப்படித்தான்." அதைச் சொல்கிறபோது அவர் குரலில் ஒன்றுமே இல்லை. இசக்கியால் அந்தக் குரலை எடுக்க முடியாது, எடுக்கவும் மாட்டாள்.

சீப்பைத் தண்ணீரில் போட்டாள். மூழ்கவில்லை, பச்சையாக மிதந்து அல்லி இலையில் முட்டி நின்றது. கணுக்காலிலிருந்து ரத்தம் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே கூட்டம் பெரிய வட்டமாகத் திரும்பி, கிழக்கே போகாமல், பனைகளுக்கு மேலாகத் தாழ்ந்து குளத்தை நோக்கி வந்தது, இறக்கைச் சத்தம் முதலில், அப்புறம் அதற்குள்ளிருந்து, க்ர்ர்ர்ர்ர்ர்க். மாமாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. பாதியில் நின்றது. மெதுவாகச் சம்பைப் பார்த்துத் திரும்பி வந்தது, அவளைப் பார்த்து, அவள் கையைப் பார்த்து, தெரியாத கண்ணால். இசக்கி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை விரித்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். மறுபடி, தலைக்கு நேர் மேலே, க்ர்ர்ர்ர்ர்ர்க். "பிள்ளை கையில ஒண்ணும் இல்ல சார்," என்றார் விசாலாட்சி அம்மா. "வாயும் மூடித்தான் இருக்கு." முதல் பறவை காலை நீட்டித் தண்ணீரைக் கீறி இறங்கியது, அதன் பின்னால் மற்றவை. அது இன்னொரு தடவை கத்தியது. மாமாவின் வலது கை தயங்கித் தயங்கி மேலே ஏறி, காதுக்குப் பின்னால் போய்க் குவிந்தது.

"விக்கல் இல்லாம," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம், யாரும் எழுத வேண்டாத குரலில், "ஒண்ணு."